சீன தேசத்து மைக்கட்டி: கடைச் சரக்கு அரண்மனைப் பொக்கிஷமான கதை

எழுதுபொருள் கடை வைத்திருக்கும் நம் அன்பர்களுக்கு 'இந்தியன் இங்க்' என்ற சிறிய கண்ணாடிக் குப்பியை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கட்டிட வரைபடம் போடுகிறவர்கள், ஓவியம் பயிலும் மாணவர்கள், போர்டு எழுதுகிறவர்கள் என்று அதற்கென்றே ஒரு வாடிக்கைக் கூட்டம் இருந்தது. கம்ப்யூட்டர் வந்தபின் அந்தக் கூட்டம் கரைந்துவிட்டது. இதில் வேடிக்கை என்னவென்றால், பெயர்தான் இந்தியன். சரக்கின் பூர்வீகம் சீனம். கீழ்த்திசையிலிருந்து கப்பலேறிய பொருள்களுக்கெல்லாம் இந்தியாவின் பெயரைச் சூட்டிய காலத்தில் ஆங்கிலேயர் வைத்த பெயர் அது. பிரெஞ்சுக்காரர்கள் அதையே 'சீன மை' என்று சரியாகச் சொல்கிறார்கள். நாமும் படிகாரத்தைச் சீனாக்காரம் என்கிறோம், சர்க்கரையைச் சீனி என்கிறோம். ஆகவே பெயர்க் கணக்கில் பற்றும் வரவும் ஏறக்குறைய நேராகிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

குப்பியில் வருவது பிற்காலத்துச் சரக்கு. சீனர்கள் ஈராயிரம் ஆண்டுகளுக்குக் குறையாமல் மையைத் திரவமாக வாங்கவில்லை, கட்டியாகவே வாங்கினார்கள். விரல் நீளமுள்ள கறுப்புக் கட்டி. கல்லில் சில துளி நீர் விட்டு, கட்டியை நேராகப் பிடித்து வட்டமாக அரைத்தால் மை இறங்கும். வேண்டிய அளவு அரைத்துக்கொண்டு மீதியைத் துடைத்து வைத்துவிடலாம். எடுத்துச் செல்ல எளிது, கொட்டாது, சிந்தாது. நல்ல கட்டி ஒன்று பல ஆண்டுகள் வரும்.

நாளும் தேய்ந்து குறைந்து போக வேண்டிய இந்தச் சரக்கு, தேய்க்கவே கூடாத கலைப்பொருளாகி, பட்டு விரித்த அரக்குப் பெட்டியில் பேரரசர்களின் அலமாரி ஏறியது. அது எப்படி நடந்தது, அதனால் அந்த வியாபாரத்துக்கு என்ன ஆயிற்று என்பதே இக்கட்டுரையின் விஷயம்.

புகையில் தரம் பிரித்தல்

மைக்கட்டிக்குக் கச்சாப்பொருள் இரண்டே இரண்டு: புகைக்கரி, பசை. நம் வீடுகளில் விளக்கெண்ணெய் விளக்கேற்றி, மேலே தட்டைக் கவிழ்த்து, படிந்த கரியை வழித்துக் கண்மை செய்தார்கள் அல்லவா? அதே கரிதான். அதை மாட்டுத்தோல் போன்றவற்றைக் காய்ச்சி எடுத்த பசையில் பிசைந்தால் மைக்கட்டிக்கு மாவு தயார். சொல்வதற்கு இவ்வளவு எளிது.

1637ல் சொங் யிங்ஷிங் என்பவர் வெளியிட்ட தொழில் நூலொன்றில் கரி எடுக்கும் முறை விவரமாக இருக்கிறது. நம் மொத்த வியாபாரிகள் படித்தால் ரசிப்பார்கள். பைன் மரக்கரி எடுக்க, முதலில் மரத்தின் அடியில் சிறு துளையிட்டு விளக்கு வைத்து உள்ளிருக்கும் பிசினை ஒழுகவிடுகிறார்கள். பிசின் இருந்தால் மை தேங்கும், தூரிகை ஓடாது. பிறகு மரத்தை வெட்டித் துண்டாக்கி, மூங்கிலால் வளைத்துக் காகிதமும் பாயும் ஒட்டிய நீண்ட சுரங்கம் போன்ற கூடாரத்தின் ஒரு முனையில் எரிக்கிறார்கள். புகை கூடாரம் நெடுக ஓடிப் படிகிறது. சில நாள் ஆறவிட்டு உள்ளே போய்ச் சுரண்டுகிறார்கள். தீயிலிருந்து மிகத் தொலைவில், கடைசி ஓரிரு அறைகளில் படிந்ததே முதல் தரம். அது உயர்ந்த மைக்கு. நடுவில் படிந்தது இரண்டாம் தரம். தீக்கு அருகில் படிந்தது அச்சுப் புத்தகம் போடுபவர்களுக்கு. அதிலும் மிஞ்சிய கரடுமுரடான கசடு அரக்குப் பூசுகிறவர்களுக்கும் சுவருக்குக் கறுப்பு அடிக்கிறவர்களுக்கும். ஒரே கூடாரம், ஒரே தீ, மூன்று நான்கு சந்தை. வீணாவது ஒன்றுமில்லை.

எண்ணெய்க் கரி இன்னும் மெல்லியது, விலையும் கூடியது. துங் என்ற மரத்து எண்ணெய், எள்ளெண்ணெய், பன்றிக் கொழுப்பு எல்லாம் எரிப்பார்கள். ஒரு ஜின் எண்ணெய் எரித்தால் நல்ல கரி ஒரு லியாங்குக்குச் சற்று மேல் கிடைக்கும் என்று அந்நூல் கணக்குச் சொல்கிறது. நம் பழைய வீசை, பலம் போன்ற கணக்கு அது: ஒரு ஜின்னுக்கு 16 லியாங். ஆக, 16 பங்கு எண்ணெய் வாங்கிப் போட்டால் ஒரு பங்குக்குக் கொஞ்சம் அதிகமாக முதல் திரும்புகிறது. கைவேகம் உள்ள ஓர் ஆள் ஒரே சமயத்தில் 200 விளக்குகளைக் கவனிப்பானாம். வழிக்கத் தாமதமானால் கரி சுட்டுக் கெட்டுவிடும். எண்ணெயும் போச்சு, கரியும் போச்சு. காற்று நுழையாதபடி அடைத்த அறை, 200 சுடர், எண்ணெய்ப் புகை. கட்டியின்மேல் பட்டறை முதலாளியின் பெயர் பொன்னெழுத்தில் இருக்கும். இந்த விளக்குக்காரனின் பெயர் எங்கும் இராது.

மரம் வெட்டி வெட்டி என்னவாயிற்று என்பதையும் ஒருவர் அக்காலத்திலேயே எழுதிவைத்தார். 11ஆம் நூற்றாண்டின் அறிஞர் ஷென் குவா, கிழக்கில் ஷான்துங் பகுதியின் பைன் காடுகள் தீர்ந்துவிட்டன, மற்ற மலைகளும் மொட்டையாகி வருகின்றன என்று கண்டார். வடமேற்கில் மண்ணுக்குள்ளிருந்து கசியும் கறுத்த எண்ணெயை எரித்து, அதன் புகைக்கரியில் மைக்கட்டி செய்து பார்த்தார். அரக்குப் போலப் பளபளத்தது. பைன் மையைவிட நன்றாக இருந்தது என்றார். அந்த எண்ணெய் பிற்காலத்தில் உலகில் பெரிய அளவில் பயன்படும் என்றும் எழுதினார். அவர் அதற்கு வைத்த 'கல் எண்ணெய்' என்ற பெயரே இன்றும் சீன மொழியில் பெட்ரோலியத்துக்குப் பெயர். மைக்காக யோசித்தவர் பெட்ரோலுக்கு ஆரூடம் சொல்லிவிட்டார்!

இடித்தலும் உலர்த்தலும்

6ஆம் நூற்றாண்டில் ஜியா ஸிஷியே என்பவர் எழுதிய வேளாண்மை நூலில் மை செய்யும் பக்குவம் ஒன்று வருகிறது. நன்கு சலித்த கரி ஒரு ஜின், நல்ல பசை ஐந்து லியாங், ஒரு மரப்பட்டைச் சாறு, முட்டை வெள்ளைக்கரு ஐந்து, கொஞ்சம் சாதிலிங்கம், கொஞ்சம் கஸ்தூரி. இரும்பு உரலில் போட்டு 30,000 முறை இடிக்க வேண்டும். கூடினால் இன்னும் நல்லது. வெயில் காலத்தில் செய்தால் பசை அழுகி நாறும். கடுங்குளிரில் செய்தால் உலராமல் நொறுங்கும். கட்டி சிறிதாக இருப்பதே நல்லது என்றும் எச்சரிக்கிறது.

பசை விஷயம் நுட்பமானது. கூடிவிட்டால் பளபளக்கும், ஆனால் தூரிகை இழுக்காது. குறைந்துவிட்டால் எழுதியபின் எழுத்து உதிரும். கஸ்தூரி, பச்சைக் கற்பூரம் போன்றவை சேர்ப்பது பசை நாற்றத்தை மறைக்க. முத்துப்பொடி, பொற்றாள் சேர்ப்பதாகவும் உயர்ந்த ரகங்களுக்குச் சொல்லிக்கொள்வார்கள். அவற்றில் மைக்கு எவ்வளவு, விலைக்கு எவ்வளவு என்பதை வியாபாரிகளாகிய நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

இடித்த மாவைச் சூடு ஆறுவதற்குள் எடை போட்டு, உருட்டி, மர அச்சுக்குள் வைக்கிறார்கள். அச்சின் உட்புறத்தில் சித்திரமும் எழுத்தும் தலைகீழாகச் செதுக்கப்பட்டிருக்கும். பல பலகைகளை ஒன்றாகக் கோத்துச் சட்டத்தில் இறுக்கி, நீண்ட நெம்புமரத்தின்மேல் ஆளே உட்கார்ந்து அழுத்துகிறார். ஆறியபின் பலகைகளைக் கழற்றினால் கட்டி வெளியே வரும். மைக்கட்டி கலைப்பொருளானது இந்த இடத்தில்தான். கரி மாவு மிக மெல்லியது. அச்சில் மயிரிழை போன்ற கோடு இருந்தாலும் அதை அப்படியே வாங்கிக்கொள்ளும். டிராகனின் செதிளும் மலைமேல் மண்டபத்தின் ஓடும் அதில் தனித்தனியே தெரியும்.

பிறகு உலர்த்தல். வெயிலில் வைத்தால் வெடிக்கும். நிழலில், காற்று அளவாக உள்ள அறையில், அடிக்கடி புரட்டிப் புரட்டி மாதக்கணக்கில் உலர்த்த வேண்டும். பெரிய கட்டிக்கு ஒரு வருடத்துக்கு மேலும் ஆகும். அத்தனை நாளும் முதல் முடங்கிக் கிடக்கிறது. கடைசியில் விளிம்பு சீவி, மெருகேற்றி, செதுக்கிய பள்ளங்களில் பொன்னும் வண்ணமும் தீட்டுகிறார்கள்.

வாங்குகிறவர்களும் சோதித்தே வாங்கினார்கள். தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும்; அரைக்கும்போது சத்தமே வரக்கூடாது. கையில் கனமின்றி இருக்க வேண்டும். அரைத்த மையை வெளிச்சத்தில் பார்த்தால் ஊதாச் சாயல் அடிப்பது முதல் ரகம், வெறும் கறுப்பு இரண்டாம் ரகம், நீலச் சாயல் மூன்றாம் ரகம், வெளிறியது கடைசி.

பொன்னைவிட அரிதான கறுப்பு

இந்த வியாபாரத்தின் தலைநகரம் ஆன்ஹுவெய் மாநிலத்தின் தெற்கிலுள்ள ஹுவெய்ஜோ. மலைப்பாங்கான ஊர், விளைநிலம் கொஞ்சம். பையன் பதின்மூன்று பதினான்கு வயதானால் மூட்டை கட்டி வெளியூருக்கு வியாபாரம் பழக அனுப்பிவிடுவார்கள். உப்பு, தேயிலை, மரம், அடகு இந்த நான்கிலும் சீனம் முழுவதும் கொடிகட்டிய சமூகம் அது. ஊரிலேயே தங்கியவர்களுக்குக் கை கொடுத்தது மை.

அதற்குப் பிள்ளையார் சுழி போட்டவர்கள் வடக்கிலிருந்து வந்த அகதிகள். தாங் பேரரசு சரிந்த குழப்பத்தில் ஹபெய் பக்கத்திலிருந்த ஷி என்ற மைக்காரக் குடும்பம் தெற்கே ஓடிவந்தது. ஹுவெய்ஜோ மலைகளில் பைன் மரத்தைப் பார்த்து அங்கேயே உலை போட்டது. 10ஆம் நூற்றாண்டில் தெற்குத் தாங் அரசர்கள் அவர்கள் மையில் மயங்கித் தங்கள் சொந்தக் குடும்பப் பெயரான லி என்பதையே கொடுத்துக் கௌரவித்தார்கள். அக்குடும்பத்து லி டிங்குவெய் பெயர் மை உலகில் நிலைத்துவிட்டது. அவர் மைக்கட்டி ஒன்று குளத்தில் விழுந்து பல நாள் கழித்து எடுத்தபோதும் கெடாமல் இருந்ததாம்.

கி.பி. 975ல் சுங் பேரரசு தெற்குத் தாங்கை வென்றது. கருவூலத்திலிருந்த லி மை முழுவதும் தலைநகர் கைஃபெங்குக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே ஒரு பெரிய ஆலய வாயிலுக்குக் கறுப்பு அடிக்க வேண்டியிருந்தது. அதிகாரிகள் கருவூலத்திலிருந்து மையை வண்டி வண்டியாக ஏற்றிக் கொடுத்தார்கள். அத்தனையும் லி டிங்குவெய் செய்தது! சுமார் 150 ஆண்டு கழித்து, அதே சுங் வம்சத்தின் கலைப்பித்தரான பேரரசர் ஹுவெய்ஸுங் காலத்தில், பொன் கிடைத்தாலும் கிடைக்கும், லி மை கிடைக்காது என்று ஊர் சொல்லும் நிலை வந்தது. சரக்கின் மதிப்பு சரக்கில் மட்டும் இல்லை, இருப்பில் எவ்வளவு இருக்கிறது என்பதிலும் இருக்கிறது என்று கிடங்கு வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். ஆனாலும் வாயில் கதவுக்குப் போன அந்த வண்டிகளை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

பெயரால் விலை ஏறுவது பற்றி அக்காலத்தில் இன்னொரு கதையும் உண்டு. பெருங்கவிஞர் சூ ஷி அரசின் கோபத்துக்கு ஆளாகி ஹைநான் தீவுக்கு நாடு கடத்தப்பட்டிருந்தார். 1099 வாக்கில் பான் ஹெங் என்ற மைக்காரர் அங்கே வர, இருவரும் சேர்ந்து கரி எடுத்தார்கள். இரவில் தீப்பற்றி வீடே எரியப் பார்த்தது. மிஞ்சிய கரியில் சில கட்டிகள் தேறின. அதோடு அது முடிந்தது. ஆனால் பான் ஹெங் பிறகு ஹாங்ஜோவில் கடை போட்டு, 'சூ ஷி சொல்லிக்கொடுத்த ரகசியப் பக்குவம்' என்று மற்றவர்களைவிடப் பல மடங்கு விலைக்கு விற்றார். கவிஞரின் மகனிடம் ஒருவர் இதைக் கேட்டபோது, அப்பாவிடம் ஏது பக்குவம் என்று அவர் சிரித்துவிட்டாராம். பான் ஹெங்கின் மை நல்ல மையே என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

இரண்டு மை வியாபாரிகளின் சண்டை

மைக்கட்டி அழகுப் பொருளாக முழு வளர்ச்சி பெற்றது மிங் வம்சத்தின் கடைசிக் காலத்தில். அதைச் செய்தது அரசாணை அல்ல, ஹுவெய்ஜோவின் இரு வியாபாரிகளுக்கிடையே மூண்ட பகை.

செங் டாயுவெ வசதியான குடும்பத்தவர். ஃபாங் யுலு வறுமையில் இருந்தபோது செங் அவரைச் சேர்த்துக்கொண்டு தொழில் கற்றுக்கொடுத்தார். தொழில் கைவந்ததும் ஃபாங் தனிக்கடை போட்டார். ஒரு பெண் விவகாரமும் இடையில் புகுந்தது என்பார்கள். பிறகு செங் ஒரு கொலை வழக்கில் சிக்கிச் சிறை சென்றார்; அதன் பின்னால் ஃபாங் இருப்பதாகவே அவர் நம்பினார்.

1588ல் ஃபாங் தன் மைக்கட்டிச் சித்திரங்களைத் தொகுத்துப் புத்தகமாக வெளியிட்டார். 400க்குச் சற்றுக் குறைவான வடிவங்கள், அறிஞர்களின் பாராட்டுரைகள், மரக்கட்டை அச்சு. இன்றைய மொழியில் சொன்னால் கேட்டலாக். செங் சும்மா இருப்பாரா? சிறையிலிருந்து வெளிவந்து, 1600களின் தொடக்கத்தில் சுமார் 500 வடிவங்களோடு அதைவிடப் பெரிய புத்தகம் போட்டார். சில பிரதிகளைப் பல வண்ணத்திலும் அச்சிட்டார். இதில் சுவையானது: இரண்டு புத்தகத்துக்கும் படம் வரைந்தவர்களில் ஒருவர் அதே டிங் யுன்பெங். இரு தரப்பு ஆர்டரையும் எடுத்துச் செய்தார்.

செங்கின் புத்தகத்தில் ஒரு நாட்டுக்கதைச் சித்திரம் வருகிறது. வேட்டைக்காரர்களிடமிருந்து ஓநாயைக் காப்பாற்றுகிறார் ஒருவர். ஆபத்து நீங்கியதும் அந்த ஓநாய் அவரையே தின்னப் பார்க்கிறது. ஓநாய் யார் என்று அக்காலத்து வாசகர் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. அதே புத்தகத்தில் எதிர்பாராத இன்னொன்றும் உண்டு. பீகிங்கில் இருந்த இத்தாலியப் பாதிரியார் மத்தேயு ரிச்சி கொடுத்த நான்கு பைபிள் படங்களையும், சீன எழுத்தின் உச்சரிப்பை ரோமன் எழுத்தில் காட்டும் அவருடைய குறிப்புகளையும் செங் சேர்த்துக்கொண்டார். எதிராளியிடம் இல்லாத சரக்கு தன்னிடம் இருக்க வேண்டும் என்ற எண்ணம்தான், மதமாற்றம் ஒன்றுமில்லை.

இந்தச் சண்டையில் இருவரும் பட்ட மனக்கஷ்டம் அதிகம். ஆனால் மைக்கட்டியை வாங்கி அரைக்காமல் வைத்துப் பார்த்து மகிழும் பழக்கம் இந்த இரண்டு புத்தகங்களால் ஊன்றிவிட்டது. அன்றைய பணக்கார வீடுகளில் செங் மை, ஃபாங் மை என்று சேகரிப்புப் போட்டி நடந்தது. போலிகளும் கூடவே வந்தன.

அரண்மனைக் கொள்முதல்

அரண்மனைக்கென்று மை செய்வது முன்பே இருந்தது. மிங் பேரரசர் ஷுவான்டே காலத்திலேயே டிராகன் முத்திரையிட்ட அரச மை உண்டு. அது உச்சத்தைத் தொட்டது அடுத்து வந்த சிங் வம்சத்தில். குறிப்பாகக் காங்ஷி (1661 முதல் 1722 வரை), சியென்லுங் (1735 முதல் 1796 வரை) என்ற இரு பேரரசர்கள் காலத்தில்.

வழி இரண்டு. ஒன்று, அரண்மனையின் எழுத்துப் பணிமனைக்குள்ளேயே மைப் பட்டறை. இன்னொன்று, மாநில அதிகாரிகள் காணிக்கையாக அனுப்பும் மை. காணிக்கை மைக்கு ஆர்டர் ஹுவெய்ஜோவுக்குத்தான் வரும். அதிகாரி தன் பெயரைப் பொறித்து அனுப்புவார். செய்த கடைக்காரன் பெயர் ஓரத்தில் சிறிதாக. அந்தச் சிறிய எழுத்தே கடைக்குப் பெரிய விளம்பரம். ஹுவெய்ஜோவின் சாவ் சுகுங் கடை மைக்குக் காங்ஷி பேரரசரே 'ஊதா மணி ஒளி' என்று பெயர் சூட்டியதாகச் சொல்வார்கள். 1741ல் வாங் ஜின்ஷெங் என்ற மற்றொரு பெரிய மைக்காரரின் மகன் வாங் வெய்காவ், அரண்மனைப் பட்டறையில் தொழில் சொல்லிக்கொடுக்கப் பீகிங்குக்கு அழைக்கப்பட்டார்.

அரசர் வேண்டியது ஒற்றைக் கட்டி அல்ல, வரிசை வரிசையான தொகுப்பு. ஒவ்வொரு கட்டியும் வெவ்வேறு வடிவம்: வட்டம், எண்கோணம், மணி, பழங்கால நாணயம், யாழ், சில்வண்டு. ஒரு பக்கம் சித்திரம். மறு பக்கம் பேரரசர் எழுதிய பாட்டு. 1696ல் காங்ஷி ஆணைப்படி உழவுக்கு 23, நெசவுக்கு 23 என்று வரையப்பட்ட சித்திரங்கள் மைத் தொகுப்பாகவும் வார்க்கப்பட்டன. விதை ஊறவைப்பது முதல் துணி தைப்பது வரை ஒவ்வொரு வேலையும் உள்ளங்கை அளவு கறுப்பில். 1765ல் ஃபாங் குவான்செங் என்ற உயரதிகாரி பருத்தி பயிரிடுவதிலிருந்து சாயம் போடுவது வரை 16 சித்திரங்களைச் சியென்லுங்குக்குச் சமர்ப்பித்தார். அவையும் மைக்கட்டியில் ஏறின. நம் ஜவுளி அன்பர்கள் பார்க்க வேண்டிய தொகுப்பு அது. வயலையும் தறியையும் நேரில் காணாத அரச குடும்பத்தார் கையில் அவை போய்ச் சேர்ந்தன. உழுதவனும் நெய்தவனும் அந்த மையைத் தொட்டிருக்க மாட்டார்கள்.

இந்தியத் தொடர்புள்ள தொகுப்பும் உண்டு. புத்தரின் சீடர்களான பதினாறு அருகர்களை 9, 10ஆம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த குவான்ஷியு என்ற துறவி விகாரமான, புடைத்த நெற்றியும் தொங்கும் புருவமும் கொண்ட உருவங்களாகத் தீட்டியிருந்தார். 1757ல் தென்திசைச் சுற்றுப்பயணத்தில் ஹாங்ஜோவில் அவற்றைக் கண்ட சியென்லுங், ஒவ்வொருவருக்கும் துதி எழுதினார். பிண்டோல பாரத்வாஜர், ராகுலர், நாகசேனர் என்று நம் காதுக்குப் பழகிய பெயர்கள் அவை. அந்தப் பதினாறு முகங்களும் மைக்கட்டியாக அரண்மனைப் பெட்டியில் அடுக்கப்பட்டன.

எல்லாம் கறுப்பும் அல்ல. சாதிலிங்கத்தில் செய்த செம்மை பேரரசருக்கு உரியது. அதிகாரிகள் அனுப்பும் மனுக்களில் அவர் குறிப்பு எழுதுவது சிவப்பில். அரச குடும்பத்தில் பெரும் துக்கம் நேர்ந்தால் அந்நாட்களில் சிவப்பை விலக்கி நீலத்தில் எழுதுவார்கள். பச்சை, மஞ்சள், வெள்ளை என்று கல்லைப் பொடித்துச் செய்த வண்ணக் கட்டிகளில் ஹாங்ஜோ ஏரிக் காட்சிகளைப் பொறித்த தொகுப்பும் உண்டு. எழுதத் தோன்றாது, பார்க்கத்தான் தோன்றும். சியென்லுங் காலத்தில் கிடங்கில் உடைந்து கிடந்த மிங் காலத்து மையைத் தூக்கியெறியாமல் மறுபடி இடித்துப் புதுக் கட்டியாக்கி, 'மறுபடி பிசைந்தது' என்றே முத்திரை போட்டார்கள். இந்தச் சிக்கனம் எனக்குப் பிடித்தது.

பாகப்பிரிவினைப் பத்திரம்

18ஆம் நூற்றாண்டில் எழுந்த பெரிய பெயர் ஹூ கைவென். உண்மையில் அது ஆள் பெயரல்ல, கடைப் பெயர். நடத்தியவர் ஹூ தியென்ஜூ (1742-1808). ஷியூநிங் ஊரில் ஒரு மைக்கடையில் வேலைக்குச் சேர்ந்து, முதலாளியின் மகளை மணந்து, கடையை ஏற்று நடத்தியவர்.

அவரைப் பற்றி ஒரு செவிவழிக் கதை உண்டு. மை வாங்கிப் போன வாடிக்கையாளர் ஒருவரின் பை வழியில் ஆற்றில் விழ, மை கரைந்துவிட்டதாம். நல்ல மை அப்படிக் கரையாது. விசாரித்ததில் அந்தத் தவணையில் பக்குவம் தவறியது தெரிந்தது. ஹூ அந்த ஆளுக்கு வேறு மை கொடுத்ததோடு நிற்கவில்லை. விற்றுப்போன தவறான சரக்கை அதிக விலை கொடுத்துத் திரும்ப வாங்கி அழித்தார் என்கிறார்கள். நடந்ததோ, கட்டியதோ, அந்த ஊரில் அதைச் சொல்லியே மை விற்றார்கள்.

கதையைவிட எனக்கு முக்கியமாகப் படுவது பத்திரம். அவருக்கு எட்டு மகன்கள். அவர் மறைந்த மறு ஆண்டு, 1809ல், சொத்துப் பிரிந்தது. மை செய்யும் ஷியூநிங் கடை இரண்டாம் மகனுக்கு. துன்ஷி ஊர்க் கடை ஏழாம் மகனுக்கு. ஆனால் துன்ஷியில் விற்கலாம்; செய்யக்கூடாது. சரக்கு ஷியூநிங்கிலிருந்தே வர வேண்டும். குடும்பம் பிரியலாம், கடை பிரியக்கூடாது. கிளை போட்டால் தனிப் பட்டறை கூடாது. தனிப் பட்டறை போட்டால் பெயரை மாற்ற வேண்டும் என்பது அவர்கள் வீட்டு விதி. பங்காளிகளுக்கிடையே ஒரு பெயர்ப்பலகையைக் காப்பாற்ற இதைவிடத் தெளிவாக எழுத முடியாது.

எழுதியது எழுதியபடி நின்றதா? சில தலைமுறை நின்றது. பிறகு மற்றக் கிளையினர் 'ஹூ கைவென்' என்பதன் பக்கத்தில் தங்கள் அடையாள எழுத்தைச் சேர்த்துப் பட்டறை போட்டார்கள். ஷாங்காயிலும் மற்ற நகரங்களிலும் 'பழைய ஹூ கைவென்' என்ற பலகைகள் பெருகின. எது பழையது என்பது அவரவர் கடை வாசலைப் பொறுத்தது. நம் ஊர்களில் 'அசல்', 'ஆதி', 'ஒரிஜினல்' என்று பலகை மாட்டியிருக்கும் கடைத்தெருக்கள் இல்லையா, அதுபோல.

இக்கடையின் மிகப் பெரிய வேலை 64 கட்டிகள் கொண்ட அரச தோட்டத் தொகுப்பு. பீகிங் அரண்மனைகளிலும் யுவான்மிங்யுவான் போன்ற அரச பூங்காக்களிலும் இருந்த மண்டபங்கள் ஒவ்வொரு கட்டியிலும் ஒவ்வொன்றாக. 1860ல் ஆங்கிலேய, பிரெஞ்சுப் படைகள் யுவான்மிங்யுவானைக் கொள்ளையிட்டு எரித்தன. அத்தனை மண்டபமும் சாம்பல். அந்தத் தொகுப்பின் மர அச்சுகள் மட்டும் ஹுவெய்ஜோவில் தப்பின. இப்போது ஆன்ஹுவெய் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. எரிந்த கட்டிடங்களின் கூரையும் படியும் எப்படி இருந்தன என்று பார்க்க, எரித்த புகையில் உரு வார்க்கச் செதுக்கிய அந்த மரப்பலகைகளும் உதவுகின்றன.

குப்பியில் வந்த போட்டி

அதே ஆண்டுகளில் தைப்பிங் கலகம் ஹுவெய்ஜோவைச் சூறையாடியது. 1864ல் சாவ் சுகுங் கடை ஷாங்காய்க்கு இடம்பெயர்ந்தது. பிரச்சினை போரோடு நிற்கவில்லை. 1865ல், அரசுத் தேர்வு எழுதப் பீகிங் வந்து தேறாத ஷியே சுங்டாய் என்ற ஹுநான்காரர், தேர்வு மண்டபத்தில் மை அரைப்பதிலேயே நேரம் வீணாகிறதே என்று யோசித்து, ஆயத்தமான திரவ மையைச் செய்து லியுலிசாங் கடைத்தெருவில் விற்கத் தொடங்கினார். யிதேகே என்ற அந்தக் கடை மை மாணவர்களிடையே பரவியது. 1905ல் தேர்வு முறையே ஒழிக்கப்பட்டது. பிறகு பவுண்டன் பேனா, பென்சில், பால்பாயிண்ட்.

அன்றாடம் எழுதுகிறவன் குப்பிக்குப் போனபின் கட்டிக்கு மிஞ்சியவர் ஓவியரும் கையெழுத்துக் கலைஞரும் சேகரிப்பாளரும். அழகு ரகத்தில் மட்டும் வியாபாரம் நின்றது. 1915ல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த உலகக் கண்காட்சிக்கு ஹூ கைவென் கடை உலக உருண்டையின் இரு பாதிகளையும் பொறித்த 'பூகோள மை'யை அனுப்பித் தங்கப் பதக்கம் வாங்கியது. அரசரும் தேர்வும் போனபின் புதுச் சந்தையைப் பார்த்துச் செய்த சரக்கு அது.

2006ல் ஹுவெய்ஜோ மைத் தொழிலைச் சீன அரசு தேசிய மரபுக்கலைகளின் முதல் பட்டியலில் சேர்த்தது. ஷெ வட்டத்திலும் துன்ஷியிலும் ஜிஷியிலும் இன்றும் பட்டறைகள் உண்டு. காற்றடைத்த அறையில் விளக்குகள் எரிகின்றன. கவிழ்த்த கிண்ணங்களிலிருந்து கரியை வழிக்கிறார்கள். சம்மட்டியால் மாவை அடிக்கிறார்கள். வெளியே வருபவரின் பல்லும் கண்ணும் மட்டும் வெள்ளையாகத் தெரிகின்றன. சுற்றுலாப் பயணிகள் பொன் டிராகன் போட்ட கட்டியைப் பெட்டியோடு வாங்கிப் போகிறார்கள். அதில் எத்தனை கட்டி தண்ணீரைக் காணும் என்று கேட்டால், பட்டறைக்காரர்களாலேயே சொல்ல முடியாது.